இரண்டு பேருக்கு ஒரு பேர்

ஜூலை 8

அன்புள்ள பாட்டிக்கு,

வாலு எழுதுகிறேன். இங்கே நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, அப்பாவுக்கு மோட்டார் பெல்ட்டில் மாட்டிய விரல் ஆறிவிட்டதா, அம்மா பகலில் கொஞ்சமாவது உட்காருகிறாளா, எல்லாவற்றையும் எழுதுங்கள். போனில் பேசினால் என் குரல் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் கடிதம்தான்.

இங்கே ஒரு வில்லங்கம். என் உலோகப் பாடங்கள் முடிந்த மாதிரிதான். ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தில் பொதுக்கல்வி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்தத் துறையில் படித்தாலும் சரி, எழுத்து, கணக்கு, கலை, வரலாறு, பேச்சு, இயற்கை என்ற ஆறு கூறுகளில் கூறுக்கு ஒரு பாடம் படித்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. இரும்பு படிக்கிறவள் ஓவியத்தைப் பற்றி எழுதவேண்டும், ஓவியம் படிக்கிறவன் கணக்குப் போடவேண்டும். ஐந்தை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். இயற்கை மட்டும் பாக்கி. உலோகமும் இயற்கைதானே, அதையே வைத்துக்கொள்ளுங்களேன் என்று ஆலோசகரிடம் கேட்டுப் பார்த்தேன். "துறைக்கு வெளியே இருந்துதாம்மா எடுக்கணும். அதுக்குத்தானே பொதுன்னு பேரு?" என்று சிரித்தார்.

இடம் இருந்தது வானியலில் மட்டும். செவ்வாயும் வியாழனும் காலையில். பேர் கூப்பிடும்போது முக்கால்வாசி நாளாவது இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். அந்த இரண்டு காலையும்தான் சோதனைக்கூடத்தில் எனக்குப் பயிற்சி. கம்பியை இழுத்து இழுத்து எப்போது அறுகிறது என்று பார்க்கும் வேலை. இதைத் தையில் நிரந்தரமாகத் தருகிறேன் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அதற்குள் பட்டம் கையில் இருக்கவேண்டும். அறுந்துபோகிற கம்பிக்கும் நிலாவுக்கும் என்ன பாட்டி சம்பந்தம்?

முதல் நாள் ஆசிரியர் வரவில்லை. அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பேர்களை மட்டும் வாசித்துவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய கூடம், ஒலிபெருக்கி வேறு. உங்கள் பேரை அதில் கேட்டபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் வாலு, வாலு என்று கேட்டுக் கேட்டு, அது என்னுடைய பேரும்தான் என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாலு


ஜூலை 19

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதிக்கொண்டது. நீயும் உன் அறைத்தோழியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். எனக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதுவும் என்னை விட்டு எங்கே போகும்? உன் அப்பன் விரல் ஆறிவிட்டது. உன் அம்மா உட்காரவில்லை.

உன் கடிதத்தைப் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். அதில் ஒரு பஸ் போய்விட்டது. ஒருத்தர் கோபித்துக்கொண்டார். போகட்டும்.

பொதுக்கல்வி எதற்கு என்று கேட்கிறாயே, உன் அப்பனைப் பார். மோட்டாரைத் தவிர வேறெதுவும் தெரியாது. கல்யாண வீட்டில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் இவன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். "பேரிங் போயிடுச்சு" என்பான். அதோடு பேச்சு முடிந்தது. ஒரு மனுஷன் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் அந்தப் படித்தவர்கள் ஆறு கூறு வைத்திருக்கிறார்கள். எனக்கு இது புரிகிறது, உனக்குப் புரியவில்லையே.

ஒலிபெருக்கியில் என் பேரைக் கூப்பிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்தாம் வகுப்பு வாத்தியார்தான் என்னைக் கடைசியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். உன் தாத்தாவுக்கு நான் "இந்தா". உன் அப்பனுக்கு அம்மா, உன் அம்மாவுக்கு அத்தை, தெருவுக்கு மோட்டார் வீட்டுப் பாட்டி. நீ பிறந்ததும் ஆசையாக என் பேரை உனக்கு வைத்தான் உன் அப்பன். உன் அம்மா, "மாமியார் பேரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்ட முடியுமா?" என்று உன்னை வாலு ஆக்கிவிட்டாள். பேர் அப்படியே பரணில் போட்ட பாத்திரம் மாதிரிக் கிடந்தது.

வானத்தைப் பற்றி வாத்தியார் சொல்வதை ஒன்று விடாமல் எழுது. ஐந்தாவதில் எங்களுக்குச் சூரியன் வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேலே என்ன என்று கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. பேர் கூப்பிட்டால் முனகாதே. எழுந்து நின்று, வாய் நிறைய, "உள்ளேன் ஐயா" என்று சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி


ஆகஸ்ட் 25

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சோதனைக்கூடத்தில் வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது.

வானியல் நன்றாகப் போகிறது. பூமி சூரியனைச் சுற்றிவர ஓர் ஆண்டு ஆகிறது. நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை. கோள்கள் எட்டு. இன்னும் நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
வாலு


செப்டம்பர் 3

என் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. உன் சுகத்துக்குக் குறைவில்லை என்று நம்புகிறேன். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். காலை வேளையில் மட்டும் கொஞ்சம் அசந்துபோகிறேன். வயசு. உன் அம்மா ஏதாவது எழுதினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கு எறும்பு ஊர்ந்தாலும் யானை.

கோள்கள் எட்டு என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் புத்தகத்தின் அட்டையிலேயே போட்டிருக்கிறதே. வாத்தியார் சொன்னதைக் கேட்டால் புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறாய். அந்த மனுஷர் பாவம், எவ்வளவு ஆசையாகச் சொல்கிறார்! பேச்சு நடுவில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார். துடைத்து முடிப்பதற்குள் சொல்லவந்ததை மறந்துவிட்டு, "எங்க விட்டேன்?" என்று பிள்ளைகளையே கேட்கிறார். பின்னால் இருக்கிற தடிப்பயல்கள் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரத்தில் காற்று முதுகில் அடிக்கும். அங்கே உட்காருவதாக இருந்தால் சால்வை எடுத்துக்கொள்.

நாம் பார்க்கும் நட்சத்திர வெளிச்சம் பழைய வெளிச்சமாமே. அது புறப்பட்ட பிறகு அந்த நட்சத்திரமே இல்லாமல் போயிருந்தாலும் நமக்குத் தெரியாதாம். வெளிச்சம் மட்டும் வந்துகொண்டே இருக்குமாம். அன்றைக்கு வீடு வந்து சேர்கிற வரைக்கும் எனக்கு அதே நினைப்பு.

உடம்பைப் பேணிக்கொள்.

இப்படிக்கு,
பாட்டி


செப்டம்பர் 20

பாட்டிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை சும்மா வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள்.

நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளுக்குப் பிறகு நான் அந்த வகுப்புக்குப் போகவே இல்லை. அதே வகுப்பில்தான் என் அறைத்தோழியும் படிக்கிறாள். என் பேர் வரும்போது எனக்காக நீயே "எஸ் சார்" சொல்லிவிடு என்று அவளிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். இதற்குப் பேர் ப்ராக்ஸி. எல்லாரும் செய்வதுதான். நான் பாட்டுக்குச் சோதனைக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். உங்களுக்கு எழுதினது அத்தனையும் புத்தகத்தைப் பார்த்து எழுதினதுதான். அதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆனால் அந்தக் கண்ணாடி? மூன்றாவது வரிசைக் காற்று? எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கடிதத்தைத் தோழியிடம் காட்டினேன். சட்டை நுனியால் துடைப்பது உண்மைதான் என்றாள். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏண்டி என்னைப் போட்டுக் குழப்புறே? நான் உனக்கு ப்ராக்ஸி சொல்லவே இல்லையே. வாயைத் திறக்கறதுக்குள்ள நீதான் எழுந்து நின்னு 'உள்ளேன் ஐயா'ங்கறே. மொத்தக் கூடமும் சிரிக்குது. உனக்கு அதுதான் பட்டப்பேரே, தெரியுமா?"

"நானா? என் முகத்தைப் பார்த்தியா?"

"மூணாவது வரிசையில முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கே. முதுகுதான் தெரியும். முடிஞ்சதும் பார்த்தா ஆள் இருக்கமாட்டே. என்கிட்ட ஏன் பேசமாட்டேங்கறேன்னு எனக்கும் கொஞ்சம் கோபந்தான்."

வருகைப் பதிவில் நான் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. அதற்காகச் சந்தோஷப்படவேண்டும். என்னால் முடியவில்லை. உடனே பதில் போடுங்கள்.

வாலு


அக்டோபர் 2

வாலுவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் வந்தது. பாட்டி அதைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். "அத்தை, அவளுக்குப் பதில் எழுதலையா?" என்று கேட்டால், "எழுதறதுக்கு என்ன இருக்கு, எல்லாம் நல்லாத்தானே போகுது" என்கிறார்கள். ஆகவே நான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். சத்தியத்தைப் பார்த்தால் ஆளைப் பார்க்க முடியாது போலிருக்கிறது.

வாரத்தில் இரண்டு நாள் இப்படி ஆகிறது. செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும். காலையிலேயே குளித்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார்கள். "எங்க அத்தை கிளம்பிட்டீங்க?" என்று முதல் தடவை கேட்டேன். "எங்கயும் இல்லையே, இங்கதானே இருக்கேன்" என்றார்கள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் கேட்காது. தொட்டால் தெரியாது. கண் திறந்தே இருக்கிறது. ஆனால் பார்ப்பது என்னை இல்லை. எனக்குப் பின்னால் சுவரில் எதையோ வாசிக்கிற மாதிரி விழி இடமிருந்து வலமாகப் போய்ப் போய் வருகிறது. கால் இரண்டும் சில்லிட்டுவிடுகிறது. உச்சி வேளையில் தானாகவே எழுந்து சாப்பாடு கேட்பார்கள்.

டாக்டரை வீட்டுக்கே கூட்டிவந்தார் உன் அப்பா. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா நாற்காலியைக் கவிழ்த்து நாலு காலையும் சோதித்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வாரம் அவர்கள் விரல் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. மாவு என்று நினைத்துத் தட்டிவிட்டேன். தும்மல் வந்தது. சாக்பீஸ் தூள். நம் வீட்டில் சாக்பீஸ் ஏது?

இப்போதெல்லாம் எழுந்திருக்க நேரம் கூடிக்கொண்டே வருகிறது. முந்தாநாள் விளக்குப் போடுகிற நேரமாகிவிட்டது. அங்கே நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் பார்த்துச் செய்.

அம்மா


அக்டோபர் 14

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கால் சில்லிடுகிறது என்று அம்மா எழுதியிருக்கிறாள். அவளைத் திட்டாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை சோதனைக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இந்தக் கூடத்து இருக்கைகள் சினிமாக் கொட்டகையில் இருக்கிற மாதிரி. ஆள் உட்கார்ந்தால்தான் கீழே இறங்கும், எழுந்தால் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரத்து இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் அது கீழே இறங்கியிருந்தது.

அடுத்த இருக்கைப் பையன் பாடக்குறிப்புத் தாளை அந்தப் பக்கம் நீட்டினான். வெறும் இடத்தைப் பார்த்துத் தலையசைத்தான். தாள் அங்கே அந்தரத்தில் நின்றது.

ஆசிரியர் நம் பேரைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள், "உள்ளேன் ஐயா!" கூடம் சிரித்தது. என் குரல்தான் பாட்டி. ஆனால் நான் இவ்வளவு சந்தோஷமாக எதையும் சொன்னதே இல்லை. ஆசிரியர் அந்த இருக்கையைப் பார்த்து, "நீ ஒருத்திதான்மா இங்க வந்திருக்கே, மத்ததெல்லாம் சும்மா உடம்பைக் கொண்டுவந்து வச்சிருக்கு" என்றார்.

மணி அடித்ததும் அந்த இருக்கை டப்பென்று மேலே மடங்கியது.

இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை பேரை அவர் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து நின்று "எஸ் சார்" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசை இருக்கை அன்று முழுக்க மடங்கியேதான் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பாதி வகுப்பில் கதவுப் பக்கம் பார்த்தேன். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதில் கீழே, குள்ளமான ஆள் முகத்தை வைத்துப் பார்க்கிற உயரத்தில், மூச்சு படிந்து படிந்து மறைந்துகொண்டிருந்தது.

வராதீர்கள் பாட்டி. இனி நானே போகிறேன். பயிற்சி நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் வீட்டிலேயே இருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு


அக்டோபர் 27

பேத்திக்கு,

சுகமாக இரு.

நீ வகுப்புக்கு ஒழுங்காகப் போவது சந்தோஷம். பிள்ளை படிப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பாட்டி உலகத்தில் உண்டா? எனக்கு வருத்தமெல்லாம் இல்லை.

ஒன்று மட்டும். நிலா நமக்கு ஒரு முகத்தைத்தான் காட்டுகிறது, மறுபக்கத்தைக் காட்டுவதே இல்லை, அது ஏன் என்று வாத்தியார் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றார். அடுத்த வகுப்பில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கதவு கனமான கதவு.

அந்தத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு கூடப் போடவில்லை, கவனித்தாயா? போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஊடே புகுந்து போகிறார்கள். முன்பெல்லாம் மணி அடித்தால் கிளம்பிவிடுவேன். உள்ளே இருந்தவளுக்குத்தானே மணி? உள்ளே விடாதவளை யார் வெளியே அனுப்புவார்கள்? போன தடவை எப்படியோ உன் அம்மாவின் பாத்திரச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அடுத்த முறையும் அவள் பாத்திரத்தைப் போடவேண்டுமே.

போகாமல் இருந்துவிடத்தான் பார்க்கிறேன். ஆனால் பேரைக் கூப்பிட்டுவிடுகிறார்களே.

பாட்டி


நவம்பர் 5

வாலு,

வியாழக்கிழமை உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. மூச்சு இருக்கிறது. கரண்டியால் கொடுத்தால் தண்ணீர் இறங்குகிறது. வீட்டில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைத்துவிட்டேன். பிரயோஜனமில்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கூப்பிடுகிறார்.

உடனே கிளம்பி வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்புறம் தலையணைக்கு அடியில் இருந்த உன் கடிதங்களைப் படித்தேன். நீ வரவேண்டாம். இங்கே நாற்காலியில் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே நிற்பதை நீ பார்.

அம்மா


டிசம்பர் 20

அன்புள்ள பாட்டிக்கு,

இப்போது பசி எடுக்கிறதா? பாதம் சூடாக இருக்கிறதா? அம்மா ஒவ்வொரு வாரமும் "எழுந்துட்டாங்க, சாப்பிட்டாங்க" என்று ஒரு வரி போடுகிறாள். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

அன்றைக்கு நடந்ததை உங்களிடம் இதுவரை நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அம்மாவின் கடிதம் வந்த மறுநாள் வகுப்பு இருந்தது. எல்லாரும் உள்ளே போன பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஆசிரியர், "யாருக்கும்மா காத்துக்கிட்டிருக்கே?" என்று கேட்டார். என் கையைத் தொட்டுக்கொண்டு குளிர்ந்த காற்று ஒன்று உள்ளே போனது. மூன்றாவது வரிசை இருக்கை மெல்ல இறங்கியது. பேர் வாசிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் சொன்னீர்கள். குரல் கம்மியிருந்தது.

மணி அடித்து எல்லாரும் போய்விட்டார்கள். இருக்கை மடங்கவில்லை. பக்கத்தில் போய், "பாட்டி, வீட்டுக்குப் போங்க" என்றேன். அசைவில்லை. "அத்தை எங்கேன்னு அம்மா தேடறா, அப்பா அழறாரு" என்று என்னென்னவோ உளறினேன். அசைவில்லை. உங்களை அங்கே யாரும் பாட்டி என்று உள்ளே விடவில்லையே, பாட்டி என்று வெளியே கூப்பிட்டால் எப்படி வருவீர்கள்? கடைசியில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் பேரை நானே இன்னொருவருக்குச் சொல்லிக் கூப்பிட்டேன். இருக்கை மடங்கியது. அதே உச்சி வேளையில் நீங்கள் கண் விழித்து, இருந்ததையெல்லாம் போடச் சொன்னீர்களாம்.

அதற்குப் பிறகு மீதி வகுப்புகளுக்கெல்லாம் உங்கள் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்காமல் விட்ட நிலாப் பாடத்தைக் குறிப்பைப் பார்த்துக் காதோடு சொன்னேன். பாடம் முடிந்ததும் பேர் சொல்லி அனுப்பிவைத்தேன். தேர்வன்றைக்கு உள்ளே போகவில்லை. வெளியே புல்தரையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரிசையில் தாளும் பேனாவும் வைத்துவிட்டு வந்ததோடு சரி. எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

தேறியாகிவிட்டது. ஆறு கூறும் முடிந்தது, பட்டம் உண்டு என்று ஆலோசகர் கை கொடுத்தார். ஆனால் பாட்டி, போன வாரம் சோதனைக்கூடத்தில் மேலாளர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். மூன்று தடவை கூப்பிட்டாராம். நான் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டு, "காது கேக்கலையா?" என்றார். காது நன்றாகக் கேட்டது. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் வாசல் பக்கம் பார்த்தேன். வேலை உத்தரவில் கையெழுத்துப் போடச் சொன்னார். முதல் எழுத்தோடு பேனா நின்றுவிட்டது. அடுத்தவர் வீட்டுக் கதவில் சாவி போடுகிற மாதிரி இருந்தது.

ஒவ்வொரு முறையும் உங்களை அந்தப் பேரால் அனுப்பி அனுப்பி, அது உங்களோடு வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அது உங்களுடையதுதான், எனக்கு இரவலாகத்தானே வைத்தார்கள்.

ஆலோசகரிடம் போய், வானியல் தாள் நான் எழுதியதல்ல என்று சொல்லிவிட்டேன். எழுதியது யார் என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒருத்தர் என்றேன். திட்டுவார் என்று பார்த்தால், "அடுத்த பருவத்துல மறுபடி எடுத்துக்கோ, நேர்ல வா" என்றார். பட்டம் தள்ளிப்போய்விட்டது. சோதனைக்கூடத்து வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இரண்டு நாள் அழுதேன். பிறகு பேர் மாற்றுகிற அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த குமாஸ்தா, "கல்யாணமா?" என்றார். இல்லை என்றேன். "கோர்ட்டு கேசா?" இல்லை. "பேரு நல்லாத்தானேம்மா இருக்கு, இதுக்கு என்ன குறைச்சல்?"

"ஏற்கெனவே ஒருத்தர் வச்சிருக்காங்க சார்."

"ஒரே பேருல ஊருல ஆயிரம் பேர் இருக்காங்களே!"

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருக்காங்க சார்" என்றேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

வானியல் மதிப்பெண் சான்றைக் கிழிக்க மனம் வரவில்லை. ரத்து என்று ஓரத்தில் குத்தியிருக்கிறார்கள், ஆனாலும் பேர் தெளிவாகத் தெரிகிறது. இதோடு வைத்திருக்கிறேன். அது உங்களுடையது.

அன்புடன்,
உங்கள் பேத்தி


ஜனவரி 6

என் கண்ணான பேத்திக்குப் பாட்டி எழுதியது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பாதம் சூடாக இருக்கிறது. பசியைப் பற்றிக் கேட்காதே, உன் அம்மா அரிசியை ஒளித்துவைக்கப் போகிறாள்.

சான்று வந்தது. ஐம்பத்து மூன்று. உன் அப்பன், "பாஸ்தாம்மா, நல்ல மார்க்குதான்" என்கிறான். எனக்கு மனசு ஆறவில்லை. நிலாக் கேள்விக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேனே. நம்மைச் சுற்றிவர எவ்வளவு நேரமோ, தன்னைத் தானே ஒரு தடவை திரும்பிக்கொள்ளவும் அதற்கு அவ்வளவே நேரம். அதனால்தான் முதுகு தெரிவதில்லை. உன் அம்மாவுக்கு இது புரியவில்லை. "என் முகத்தைப் பார்த்தபடியே நாற்காலியைச் சுற்றி வாடி" என்றேன். அவள் கையில் துடைப்பத்தோடு ஒரு சுற்று வந்தாள். "முதுகைப் பார்த்தீங்களா அத்தை?" என்றாள். பார்க்கவே இல்லை. ஆனால் பின்பக்கச் சுவருக்கு அது தெரிந்திருக்கும். இரண்டு பேரும் வெகு நேரம் சிரித்தோம்.

சான்றைக் கண்ணாடி போட்டு மாட்டியாகிவிட்டது. தபால்காரர் நேற்று அதைப் பார்த்துவிட்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் இருக்கிறேன் என்றேன்.

உன் வேலை போனதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. என் ஆசைக்கு நீ கூலி கொடுத்திருக்கிறாய். அதற்கு என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும், சொல்லவில்லை. நீ இந்தத் தடவை நேரில் போய் உட்கார்ந்து கேள். அந்த மனுஷர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு "எங்க விட்டேன்?" என்று கேட்டால், நீயே எடுத்துக் கொடு.

இப்போது எந்த நாளும் நான் அசந்துபோவதில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையில் காது தானாக நிமிர்கிறது. சால்வையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.

உனக்கு வைத்துக்கொண்ட புதுப் பேர் என்ன என்று நீ எழுதவில்லை. தபால் உறையில்கூடப் போடவில்லை. மறந்துவிட்டாய் என்று உன் அப்பன் சொல்கிறான். நீ மறக்கிறவள் இல்லை.

எழுதாதே, கண்ணே. வாய் தவறிக்கூட என்னிடம் சொல்லிவிடாதே. தெரிந்துகொண்டால், அங்கே கூப்பிடும்போது நான் எழுந்து நின்றுவிடுவேன்.

இப்படிக்கு,
உன் பாட்டி